ஒரே டப்பா மேல் மூன்று புகார்: ஒரு விளையாட்டு மேசை கெட்டதும் தேறியதும்

பொம்மை வீரர்களை வைத்துப் போர் ஆடும் 6 அடிக்கு 4 அடி விளையாட்டு மேசை ஒன்று, முழுக்கக் கையால் செய்தது. அதன் மேல் வைத்து ஆட 28 மி.மீ. அளவில் இருபது சொச்சம் மினியேச்சர்கள், அதாவது குட்டி வீரர் பொம்மைகள், அவையும் பொறுமையாக பெயின்ட் அடித்தவை. ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை நண்பர் எல்லாவற்றுக்கும் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு) ஸ்ப்ரே அடித்துவிட்டுத் தூங்கப் போனார். காலையில் எழுந்து பார்த்தால் மேசை மேல் வைக்கும் ஃபோம் குன்றின் இடுக்குகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள், மினியேச்சர்கள் மேல் பால் ஊற்றிக் காய்ந்தது போல வெள்ளைப் படலம், மேசையின் பலகைகளோ ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

"இந்த டப்பாதான். மூணையும் இதுவே பண்ணிடுச்சு, நீங்களே பாருங்க" என்றார்.

ஒரே மாலையில் ஒரே டப்பாவை எடுத்து அடித்திருக்கிறார், விடிந்ததும் மூன்று கேடு. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் ஃபோமைத் தின்னும் வேதியியல் வேறு, வார்னிஷ் வெளுப்பதன் காரணம் வேறு, பலகை வளைவதற்கு ஸ்ப்ரேயோடு சம்பந்தமே இருக்க வேண்டியதில்லை. அதனால் டப்பாவைக் குப்பையில் போடவிடாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். அதை வைத்துச் செய்த சோதனைகளும், பிரித்துப் பார்த்ததில் தெரிந்ததும், எப்படிச் சரிசெய்தோம் என்பதும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டெரெய்ன், அதாவது மேசைக்கான குன்று, ஆறு, கட்டடம் எல்லாம், செய்கிறவர்களுக்கு எங்காவது ஒரு இடத்தில் உதவும் என்று நினைக்கிறேன்.

எப்படிச் செய்யப்பட்டது

மேசை 2 அடிக்கு 2 அடி சதுரப் பலகைகள் ஆறு. ஒவ்வொன்றிலும் அடியில் 3 மி.மீ. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை), மேலே 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம், நடுவில் பிவிஏ வெள்ளைப் பசை. எக்ஸ்பிஎஸ் என்பது குருணை குருணையாக உதிரும் தெர்மாகோல் இல்லை. இரண்டுமே பாலிஸ்டைரீன்தான், ஆனால் இது அடர்த்தியாக, ஒரே சீராக இருக்கும் கட்டட வேலை ஃபோம், பெரும்பாலும் இளஞ்சிவப்பிலோ நீலத்திலோ வரும். பென்சிலால் அழுத்தினாலே கல் இடுக்கு விழும், அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி உருட்டினால் பாறையின் சொரசொரப்பு வந்துவிடும். கையால் டெரெய்ன் செய்கிறவர்கள் இதை விட்டு நகராததற்குக் காரணம் அதுதான்.

இரண்டு பலகைகளில் ஃபோமைச் செதுக்கி ஆறு ஓடவிட்டிருந்தார். தரை முழுக்க மணலும் பொடிக்கல்லும் தூவி, அதன் மேல் தண்ணீர் கலந்த பிவிஏவைத் தாராளமாகச் சொட்டவிட்டு ஊறவைத்து இறுக்கியிருந்தார். தனியாக எடுத்து வைக்கிற மாதிரி மூன்று அடுக்குக் குன்று ஒன்று, இடிந்த காவல் கோபுரம் ஒன்று. எல்லாவற்றுக்கும் பிவிஏவும் கறுப்பு அக்ரிலிக்கும் கலந்த பூச்சு, அதற்கு மேல் சாம்பல் நிறங்களில் ட்ரைபிரஷ் (ஏறத்தாழ காய்ந்த பிரஷால் மேடுகளில் மட்டும் நிறம் தேய்ப்பது), பிறகு பழுப்பு வாஷ் (இடுக்குகளில் இறங்கும் நீர்த்த நிறம்). வேலை நன்றாகவே இருந்தது. அந்தக் கோபுரத்தின் பாசி படிந்த கீழ்க்கல் வரிசையை இன்றைக்கும் எனக்குப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மினியேச்சர்களில் பெரும்பாலானவை பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், நான்கைந்து ரெசின். எல்லாமே தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்.

முதலில் குன்று

குன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்ததுமே ஒன்று உறுத்தியது. ஸ்ப்ரே அதிகம் விழுந்த மேல்தட்டில் ஒரு குழிகூட இல்லை. குழிகளெல்லாம் ஆழமான வெடிப்புகளுக்குள்ளேயும், அடுக்குகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தின் அடிப்பக்கத்திலும், மேசையைத் தொடும் கீழ்விளிம்பிலும்தான். டப்பாவில் உள்ளது பூச்சையே ஊடுருவித் தின்கிற அளவுக்குக் கொடியது என்றால் முதலில் மேல்தட்டுதான் போயிருக்க வேண்டும்.

பெரும்பாலான ஏரோசால் டப்பாக்களில் பெயின்ட்டோ வார்னிஷோ அசிட்டோன், டொலுயீன், சைலீன் மாதிரிக் கரைப்பான்களில் கரைந்திருக்கும். பல டப்பாக்களில் உந்துவாயுவாக வரும் டைமெத்தில் ஈதரும் கரைப்பான்தான். இவையெல்லாம் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். ஃபோமில் பெரும்பகுதி காற்று, நடுவில் மெல்லிய சவ்வு போன்ற பிளாஸ்டிக் சுவர்கள் அவ்வளவுதான், அதனால் கரைப்பான் பட்ட நொடியிலேயே சுருங்கி உள்வாங்கிவிடும். அதே பாலிஸ்டைரீனில் வார்த்த மினியேச்சருக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அது கெட்டிப் பொருள், மெல்லிய ஸ்ப்ரேயில் கரைப்பான் உள்ளே இறங்குவதற்குள் பெரும்பாலும் பறந்துவிடுகிறது. பிவிஏ-அக்ரிலிக் பூச்சு இதற்கு நடுவே நிற்கும் சுவர். நண்பரின் குன்றில் சுவர் இருந்தது, ஆனால் ஓட்டையோடு இருந்தது.

ஓட்டை எப்படி விழுந்தது என்பதும் எளிது. பெரிய பிரஷ், கெட்டியான பூச்சு. அது வெடிப்பின் வாயை மூடுமே தவிர உள்ளே இறங்காது. குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. மேலே கறுப்பாகத் தெரிந்தால் முடிந்தது என்று நினைத்துவிடுவோம். ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது சேதமாகாத சில வெடிப்புகளுக்குள்ளேயும் ஃபோமின் இளஞ்சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. அங்கே ஸ்ப்ரே போகவில்லை, அதனால் தப்பித்தது.

உறுதி செய்துகொள்ள வீணாய்ப்போன ஃபோம் துண்டுகளில் சோதித்தேன். ஒன்று வெறும் ஃபோம், ஒன்று ஒரு தடவை பூசியது, ஒன்று இரண்டு தடவை பூசியது. அதே டப்பா. வெறும் துண்டு கண்ணெதிரே உள்வாங்கியது. ஒரு தடவை பூசியதில் பிரஷ் கோடுகளுக்கு இடையே ஊசிக்குத்து மாதிரி சில புள்ளிகள். இரண்டு தடவை பூசியதில் ஒன்றுமே இல்லை. ஆக, குன்றைத் தின்றது டப்பாதான், அதை மறுக்க முடியாது. ஆனால் இந்த மாதிரிக் கரைப்பான் உள்ள எந்த ஏரோசால் டப்பாவாக இருந்தாலும் இதையேதான் செய்திருக்கும்.

வெளுத்துப்போன மினியேச்சர்கள்

நண்பருக்கு அதிக வருத்தம் இதில்தான். அவர் கறுப்பு மேலங்கிக்காரர்களை ரசித்து ரசித்து அடித்திருந்தார், அவர்கள்தான் அதிகம் வெளுத்திருந்தார்கள். வெள்ளை, மஞ்சள் உடைகளில் படலம் கண்ணுக்கே தெரியவில்லை, கறுப்பில் அப்பட்டமாகத் தெரிந்தது.

மேட் வார்னிஷ் எப்படிப் பளபளப்பைக் கொல்கிறது என்று தெரிந்தால் இந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்பதும் புரியும். அதில் மிக நுண்ணிய சிலிக்கா தூள் கலந்திருக்கும். அது மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி ஒளியைச் சிதறடிக்கிறது. அளவாகச் சிதறினால் மேட், அளவுக்கு மீறிச் சிதறினால் வெள்ளை. இரண்டு வழியில் மீறும். ஒன்று, வார்னிஷைக் கனமாக அடித்து இடுக்குகளில் தூள் தேங்குவது, அல்லது டப்பாவைச் சரியாகக் குலுக்காமல் அடியில் தங்கிய தூள் கடைசியில் மொத்தமாக வந்து விழுவது. இன்னொன்று ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த படலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீர் படியும், அது காய்கிற வார்னிஷுக்குள் மாட்டிக்கொண்டு கடைசியில் நுண்ணிய வெற்றிடங்களாக மிஞ்சும். ஒளி அங்கே முட்டி முட்டிச் சிதறும்.

அன்று மாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது என்று விசாரித்ததில் தெரிந்தது. திறந்த வராந்தாவில் அடித்திருக்கிறார். டப்பா சில்லென்ற தரையில் நின்றிருக்கிறது.

இதற்குச் சோதனை பிளாஸ்டிக் ஸ்பூன்களில். எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு, ஒரே டப்பா. வறண்ட மத்தியானத்தில், இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தள்ளி நின்று மெல்லிய வீச்சாக அடித்த ஸ்பூன் கண்ணாடி மாதிரி தெளிவு, மேட்டாகவும் இருந்தது. அதே நாளில் கனமாக அடித்ததில் ஸ்பூனின் குழியில் மட்டும் லேசான தூசுத் தோற்றம். மழை விட்ட மாலையில், வெளியே, மெல்லியதாகவே அடித்தது முழுக்கப் பால்வெள்ளை. வெளுத்ததற்கு டப்பாதான் காரணம் என்ற குற்றச்சாட்டு இங்கேயே விழுந்துவிட்டது. குற்றம் மாலையுடையது.

இதில் ஒரு சின்ன விதிவிலக்கு. ரெசின் கொடிக்காரன் ஒருவனுக்கு வெள்ளை உடம்பெல்லாம் இல்லை, கை ஒட்டிய மூட்டைச் சுற்றி மட்டும் ஒரு வளையம். அது வார்னிஷே இல்லை. சூப்பர் க்ளூ, அதாவது சயனோஅக்ரிலேட், கெட்டியாகும்போது அதன் ஆவி பக்கத்திலேயே படிந்து வெள்ளைத் தூசாக நிற்கும், காற்றோட்டமில்லாத இடத்தில் அதிகமாக ஒட்டினால் எளிதில் வரும். அந்தக் கை வார்னிஷுக்குச் சற்று முன்னால்தான் மறுபடி ஒட்டப்பட்டதாம். ஏன் மறுபடி ஒட்ட வேண்டி வந்தது என்று கேட்டேன். "விழுந்து உடைஞ்சிடுச்சு" என்றார்.

எப்படி விழுந்தது என்று கேட்டபோதுதான் இந்த வழக்கின் உண்மையான தொடக்கம் வெளியே வந்தது.

பலகைகள்

மேசையில் ஆடும்போது பலகைகள் சேரும் இடத்தில் வைத்த மினியேச்சர்கள் அடிக்கடி சாய்ந்து விழுந்திருக்கின்றன. வார்னிஷ் அடிப்பதற்கு வெகு முன்னாலேயே. முனைகளில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது, வாள்நுனியும் முழங்கையும் தோள்பட்டையும். அதைப் பாதுகாக்கத்தான் அவசரமாக எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடிக்கலாம் என்ற யோசனையே வந்தது. அதாவது பலகை வளைவு ஸ்ப்ரேயின் விளைவு இல்லை, ஸ்ப்ரே அடித்ததற்கே காரணம் அதுதான். பழைய ஆட்டப் படங்களை அவர் கைபேசியில் தள்ளிப் பார்த்தபோது ஒன்றில் ஆற்றின் குறுக்கே இரு பலகைகளுக்கு நடுவில் கறுப்பு நிழற்கோடு தெளிவாக விழுந்திருந்தது. அன்றே ஓரம் தூக்கியிருக்கிறது. அன்றைக்கு எல்லோரும் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் பலகையைக் கவனிக்கவில்லை.

வளைவு ஏன் என்பது பழைய மரவேலைக் கணக்கு. ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிந்தால் பலகை சுருங்கிய பக்கமாகக் குழியும். மேலே தண்ணீர் கலந்த பிவிஏவை ஊற்றி மணலை இறுக்கியிருந்தார், அது காயும்போது சுருங்கி மேற்பரப்பை இழுக்கிறது. கீழே எம்டிஎஃபின் அடிப்பக்கம் எந்தப் பூச்சும் இல்லாமல் வெறுமையாக இருந்தது, எம்டிஎஃப் ஈரத்தை உறிஞ்சி விரியும், வெட்டிய ஓரங்களில் இன்னும் மோசம். எக்ஸ்பிஎஸ் மூடிய செல் ஃபோம் என்பதால் தண்ணீர் குடிக்காது, அதனால் ஒட்டுப் பசையின் ஈரம் முழுக்க எம்டிஎஃப் வழியாகத்தான் வெளியேற வேண்டியிருந்தது. மேலே சுருக்கம், கீழே விரிவு, இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன. 3 மி.மீ. பலகை என்ன செய்யும்?

ஆறில் ஐந்து வளைந்திருந்தன, மோசமான மூலையில் கிட்டத்தட்ட 10 மி.மீ. தூக்கல். ஆறாவது மட்டும் தட்டையாகவே இருந்தது. விசாரித்தால், எம்டிஎஃப் தீர்ந்துபோய் அந்த ஒன்றுக்கு மட்டும் இரு பக்கமும் பெயின்ட் அடித்த பழைய அலமாரித் தட்டை அடியில் வைத்திருக்கிறார். அது தடிமனும் அதிகம், அதனால் பெயின்ட்டுக்கு மட்டும் முழுப் பெருமையும் கொடுக்க முடியாது. இருந்தாலும் "இதுதான் சரியான முறை, இனி எல்லாவற்றுக்கும் இப்படியே" என்று நண்பர் சந்தோஷப்பட்டுக்கொண்டே அதைத் தூக்கினார். மேலே இருந்த ஃபோம் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

உள்ளே பிவிஏ இன்னும் வெள்ளையாக, பிசுபிசுவென்று, ஒட்டின அன்று இருந்த மாதிரியே இருந்தது. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் காய்ந்திருந்தது. பிவிஏ காய்வது என்றால் அதிலிருந்து தண்ணீர் வெளியேறுவது, வேறொன்றுமில்லை. ஒரு பக்கம் தண்ணீர் விடாத ஃபோம், மறுபக்கம் பெயின்ட் அடித்த பலகை, தண்ணீருக்குப் போக வழியே இல்லை. அந்தப் பலகையை வளையாமல் காப்பாற்றியதும் அதே காரணம், ஒட்டாமல் கெடுத்ததும் அதே காரணம். இந்த மொத்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. நன்றாக இருக்கிறது என்று நாம் கைவைக்காமல் விட்டிருப்போம், என்றாவது ஆட்டத்துக்கு நடுவில் மேலே நிற்கும் மினியேச்சர்களோடு சேர்ந்து வழுக்கியிருக்கும்.

அளவுக் கோளாறு ஒன்றும் உண்டு

விழுவதற்கு வளைவு மட்டும் காரணமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நண்பர் எதையும் கணக்குப் போட்டுச் செய்கிறவர். 28 மி.மீ. மினியேச்சரை ஏறத்தாழ 1:56 என்று எடுத்துக்கொண்டு, 2 மீட்டர் உயரக் கதவு 36 மி.மீ., 90 செ.மீ. அகலம் 16 மி.மீ. என்று கோபுரத்து வாசலைச் செதுக்கியிருந்தார். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் மினியேச்சர் நிற்பது 32 மி.மீ. வட்டப் பீடத்தில். அதே அளவில் பார்த்தால் அது கிட்டத்தட்ட 1.8 மீட்டர் அகலம், ஒவ்வொரு வீரனும் ஒரு வட்ட மேசையைக் காலில் கட்டிக்கொண்டு நடக்கிற கணக்கு. அவனால் எந்த வாசலிலும் நுழைய முடியாது. குன்றின் படிகளும் 25 மி.மீ. ஆழம்தான், 32 மி.மீ. பீடத்தில் ஏறத்தாழ கால்வாசி அந்தரத்தில் தொங்கும், மேசையை லேசாகத் தட்டினாலே போதும்.

விளையாட்டுக்கான டெரெய்னில் கண்ணுக்குப் பொருத்தமாக இருப்பதும் பீடத்துக்குப் பொருத்தமாக இருப்பதும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது, பீடம்தான் ஜெயிக்க வேண்டும் என்பது என் கட்சி. வாசலைக் கட்டர் பிளேடால் 38 மி.மீ.க்கு அகலமாக்கி, மேல் கற்களை உடைந்த மாதிரி விட்டுவிட்டோம். இடிந்த கட்டடம் என்பதால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. இடிபாடுகளை எல்லோரும் விரும்பிச் செய்வதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

சரிசெய்தது

வரிசை முக்கியம் என்று நினைத்ததால் பலகைகளிலிருந்து தொடங்கினோம். மினியேச்சரை முதலில் சரிசெய்தால் அது மறுபடி அதே வளைந்த பலகையில்தான் நிற்கும், மறுபடி விழும்.

ஐந்து எம்டிஎஃப் பலகைகளின் அடியையும் ஓரங்களையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, தண்ணீர் கலந்த பிவிஏ ஒரு தடவை, பிறகு சாதாரணச் சுவர் எமல்ஷன் இரண்டு தடவை. இப்போது அடிப்பக்கமும் காயும்போது சுருங்கும், மேலே இழுப்பதற்கு எதிராகக் கீழே ஓர் இழுப்பு. ஈரமாக இருக்கும்போதே சமதரையில், நடுவில் இரண்டு மரச்சில்லுகள் கொடுத்து, நான்கு மூலைகளிலும் கனமான புத்தகங்களை ஏற்றி வைத்தோம். நடுவைச் சற்று உயர்த்தி மூலைகளைத் தேவைக்கு மேலேயே கொஞ்சம் கீழே அழுத்தினால்தான் எடையை எடுத்த பிறகு நேராக வந்து நிற்கும். நன்றாகக் காயும்வரை தொடவில்லை. மூன்று பலகைகள் தட்டையாகிவிட்டன, ஒன்று போதுமான அளவுக்குத் தேறியது. ஆற்றுப் பலகைகளில் ஒன்று மட்டும் அசையவே இல்லை, ஃபோமில் பாதிக்கு மேல் செதுக்கி எடுத்திருந்ததால் அதற்கு விறைப்பே இல்லை. அதன் எம்டிஎஃபைப் பிய்த்துவிட்டு 6 மி.மீ. பலகை கொடுத்தோம்.

இந்த ஒன்றுக்கும், வழுக்கிக்கொண்டு வந்த ஆறாவதுக்கும், பிவிஏவை விட்டுவிட்டு ஃபோமுக்கு ஏற்றது என்று குழாய் மேலேயே எழுதியிருக்கும் கட்டுமானப் பசையை வாங்கினோம். எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், கரைப்பான் உள்ள பசை ஸ்ப்ரே செய்த வேலையையே உள்ளிருந்து செய்யும். சூப்பர் க்ளூவும் இங்கே உதவாது, அதுவும் ஃபோமைத் தின்னும்.

குன்றுக்கு, முதலில் தளர்ந்து தொங்கிய சுருக்கங்களைக் கட்டரால் வெட்டியெடுத்தோம். பெரிய குழிகளுக்கு லேசான சுவர் பட்டி. சின்னக் குழிகள் நிறைய இருந்தன, அவற்றில் பாதியை நிரப்ப வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கரைந்த ஃபோம் காற்றும் மழையும் அரித்த பாறை மாதிரியே இருக்கும், சிலர் வேண்டுமென்றே ஸ்ப்ரே அடித்து அந்தத் தோற்றத்தை வரவைக்கிறார்கள். நண்பர் கத்தியால் செதுக்கிய பக்கத்தைவிட டப்பா தின்ற பக்கம் இயற்கையாக இருந்தது. இதை அவர் ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

அப்புறம் பூச்சு. இம்முறை பிவிஏ, கறுப்பு அக்ரிலிக், கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, வெடிப்புக்குள் ஓடி இறங்குகிற பதத்தில் முதல் தடவை. சின்ன, மொட்டையான பழைய பிரஷால் இடுக்குக்குள் குத்திக் குத்தி அடிக்க வேண்டும். குன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கமும். காய்ந்ததும் விளக்கைச் சாய்த்துப் பிடித்து இளஞ்சிவப்பு எங்கே எட்டிப் பார்க்கிறது என்று தேடி, கெட்டியாக இரண்டாவது தடவை. பூச்சில் கறுப்பு சேர்ப்பதன் பெரிய லாபமே இந்தத் தேடல்தான் என்பேன். நிறமில்லாத பிவிஏவை மட்டும் பூசினால் விட்டுப்போன இடம் தெரியவே தெரியாது. கடைசியில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் லேசாக ஸ்ப்ரே அடித்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் முழுக் குன்றுக்கும் தண்ணீர் வகை மேட் வார்னிஷைப் பிரஷாலேயே அடித்தோம். டெரெய்னுக்கு ஸ்ப்ரே வார்னிஷ் தேவையே இல்லை என்பது என் எண்ணம், பிரஷ் கோடு விழுந்தால் அதுவும் பாறைதானே.

திரும்ப நிறம் கொடுப்பது அரை நாள் வேலைகூட இல்லை. கறுப்பின் மேல் அடர்ந்த பழுப்பு, அதன் மேல் இரண்டு சாம்பல்களில் ட்ரைபிரஷ். பிரஷைத் துணியில் துடைத்துத் துடைத்து, ஏறத்தாழ ஒன்றுமே இல்லை என்று தோன்றும்போது தேய்க்க வேண்டும். வாஷ், கொஞ்சம் ஸ்டேடிக் கிராஸ், அதாவது புல் மாதிரித் தெரியும் நார்த்தூள். படிகளை இரண்டு இடங்களில் மட்டும் 35 மி.மீ.க்கு அகலப்படுத்தினோம்.

மினியேச்சர்களில் முதல் வேலை ஒரு சொட்டுத் தண்ணீர். வெளுத்த மேலங்கியின் மேல் ஈரப் பிரஷால் தடவிப் பார்த்தால், ஈரம் இருக்கும்வரை வெள்ளை மறைந்து பழைய கறுப்பு தெரிந்தது. அப்படித் தெரிந்தால் பெயின்ட் சேதமாகவில்லை, சிதறல் மட்டும்தான் பிரச்சினை, நுண்ணிய வெற்றிடங்களை எதையாவது கொண்டு நிரப்பினால் தீர்ந்துவிடும். அந்த 'எதையாவது' தண்ணீர் வகை பளபளப்பு வார்னிஷ். மெல்லியதாகப் பிரஷால் அடித்ததும் வெள்ளை மறைந்து மேலங்கிகள் பொம்மைக் கடைப் பளபளப்புக்கு வந்தன, நண்பர் முகம் இன்னும் சுருங்கியது. பொறுக்கச் சொல்லி, நன்றாகக் காய்ந்த பிறகு, வறண்ட மத்தியானத்தில், அதே பழைய டப்பாவாலேயே மெல்லிய மேட் அடித்துக் காட்டினேன். வேண்டுமென்றே அதையே எடுத்தேன். அடியில் பளபளப்பு இருப்பது நல்லதும்கூட, மேட்டைவிடப் பளபளப்புப் படலம் தேய்மானத்தைத் தாங்கும்.

ஆலிவ் எண்ணெய் தடவினால் வெள்ளை போகும் என்று ஒரு வைத்தியம் உண்டு. போகும், அதே நிரப்பும் வேலையைத்தான் எண்ணெயும் செய்கிறது. ஆனால் எண்ணெய்க்கு மேல் இனி எந்தப் பூச்சும் சரியாகப் பிடிக்காது, எனவே எல்லா வழியும் அடைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று மினியேச்சர்கள் மட்டும் தண்ணீர் தடவியும் வெளுத்தே இருந்தன. அவற்றில் வார்னிஷ் கனமாக விழுந்து முகத்தின் வெட்டுகளே மூடியிருந்தன. அவற்றை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து அடிவரை எடுத்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டியதாயிற்று. கையுறை, திறந்த ஜன்னல், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல். அசிட்டோனை எடுக்கக் கூடாது, பெயின்ட்டோடு மினியேச்சரும் போய்விடும். ரெசின் கொடிக்காரனை இதில் போடவில்லை, சிலவகை ரெசின் ஆல்கஹாலில் இளகும், அவனுக்குப் பளபளப்பு வார்னிஷே போதுமானதாக இருந்தது. மூட்டு வளையமும் அதிலேயே மறைந்தது.

இப்போதைய நிலை

மேசை மறுபடி ஆட்டத்தில் இருக்கிறது. ஆற்றுப் பலகைகள் ஒரே மட்டத்தில் சேர்கின்றன. இணைப்புகளில் வைத்த மினியேச்சர்கள் நிற்கின்றன, பெயின்ட் பெயர்வது வெகுவாகக் குறைந்திருக்கிறது. போதுமான அளவுக்குத் தேறியது என்று சொன்ன அந்த ஒரு பலகையில் ஒரு மூலை இன்னும் 2 மி.மீ. தூக்கல்தான், அதை மேசையின் வெளி மூலையில் வைத்து அதன் மேல் ஒரு காட்டைப் போட்டுவிட்டோம். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் இரும்பு ஸ்கேல் வைத்து மறுபடி அளக்க வேண்டும், அடிப்பக்கப் பூச்சு எவ்வளவு தாங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்குவதை நிறுத்திவிட்டு, காற்று போகும்படி செங்குத்தாக நிறுத்திவைக்க ஒரு சட்டகம் செய்யலாம் என்று நண்பர் சொல்லிக்கொண்டிருக்கிறார். செங்குத்தாக நின்றால் சொந்த எடையில் வளையுமா என்று எனக்குச் சந்தேகம். அதனால் முதலில் ஒரே ஒரு பலகையை மட்டும் அப்படி நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.